இரண்டு விரலும் ஒரு ஹேண்டில்பாரும்

சேந்தமங்கலம்
18.1.2025

செல்லமுத்து மாமாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசியிருப்பேன். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, கடையில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிடுவீர்கள். மலை மேல் உங்கள் ஊரான வாழவந்தி நாட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அத்தனை பேரும் நம் குடும்ப வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வார்கள். காகிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று நானும் விஜயா அத்தையும் கோயிலுக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் என் மலைச் சைக்கிளின் ஹேண்டில்பாரை உயர்த்தி வைத்திருக்கிறீர்கள். என்னைக் கேட்கவில்லை. வந்த பிறகும் சொல்லவில்லை. மாட்டுக்குக் கட்டுவது போல அதன் கழுத்தில் மஞ்சள் கொத்தும் செவ்வந்தி மாலையும் கட்டி, பொட்டும் வைத்து நிறுத்தியிருந்தீர்கள். எவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். மாலை எதை மறைக்கக் கட்டியது என்று அப்போது தெரியவில்லை. "என்ன மாமா, உக்காந்தா உயரமாத் தெரியுது" என்று கேட்டதற்கு, "டயருக்குக் காத்தடிச்சேன் கண்ணு, அதான்" என்றீர்கள். இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமே என்ற அவசரத்தில் நானும் நம்பினேன்.

நாற்பத்து மூன்றாம் வளைவில் பிரேக் பிடித்துத் திருப்பினேன். ஹேண்டில்பார் திரும்பியது. முன்சக்கரம் திரும்பவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் பாறைப் பக்கம் சாய்ந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அதிர்ஷ்டம். முட்டியில் நான்கு தையல்.

மாலையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த மூன்று வளையங்கள். மாமா, இது உங்கள் காலத்துச் சைக்கிள் இல்லை. ஹேண்டில்பாரைத் தாங்கும் கழுத்துத் துண்டு, முன்சக்கரத்திலிருந்து மேலே வரும் குழாயை முழுசாகக் கவ்விப் பிடிக்க வேண்டும். நீங்கள் கீழே வளையத்தைப் போட்டுப் போட்டு அதை மேலே தள்ளியதில், அது நகத்தளவு குழாயைத்தான் கவ்வியிருந்தது. அந்த நகத்தளவை நம்பி நான் மலை இறங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 23 மாவட்ட அணிக்குத் தேர்வு ஓட்டம். பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே ஐந்து வருடமாக இதற்காகத்தான் ஓட்டுகிறேன். இனிமேல் என் சைக்கிளை நீங்கள் தொடக்கூடாது. காற்று அடிக்கக்கூட வேண்டாம்.

கோகிலவாணி

*

வாழவந்தி நாடு
22.1.2025

கண்ணு கோகிலவாணிக்கு மாமன் செல்லமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் மிளகுக் கொடியும் சுகம். உன் முட்டி ஆற வேண்டும் என்று அறப்பளீஸ்வரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் எனக்கு நல்ல பழக்கம்.

கண்ணாடி கைக்குக் கிடைக்காததால் உன் கடிதத்தை, என் கடையே கதியென்று கிடக்கும் சென்றாயன்தான் படித்தான். அவனுக்குக் காது மந்தம். அவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் அவன் கத்தித்தான் படிக்க வேண்டும். காகிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது என்ற இடம் வந்ததும் பஸ்ஸுக்கு நின்ற எட்டுப் பேரும் புள்ள நல்லா எழுதுது என்றார்கள். முழுக்கக் கேட்ட பிறகு ஐந்து பேர் என் பக்கம், மூன்று பேர் உன் பக்கம். அந்த மூன்று பேரும் பஸ் வந்ததும் போய்விட்டார்கள். ஆகவே தீர்ப்பு எனக்குச் சாதகம்.

நான் கேட்கிறேன், என்னைப் பார்த்துச் சைக்கிளைத் தொடாதே என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? ஏழாம் வகுப்பு வரை படித்தேன். எட்டாம் வகுப்பு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை என்று நானே அதை நிறுத்திவிட்டேன். ஆனால் சக்கரம் என்ற ஒன்று ஓடினால் அது என்னைக் கேட்டுத்தான் ஓடும். போன வருடம் ஜெர்மனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் இந்த மலைக்குச் சைக்கிளில் வந்தார். நான் அவர் செயினைத் தொட்டுக் கொடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு கை எங்கள் நாட்டில் இல்லை, புறப்பட்டு வாருங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். மிளகு பறிப்பு இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. அத்தையைக் கேள். அவள் அப்போது அங்கே இல்லை, ஆனாலும் கேள்.

நான் யார்? உன் தாய்மாமன். உனக்குக் காது குத்தியது என் மடியில். ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்னால் பேனாவால் இரண்டு காதிலும் புள்ளி வைத்தது இந்தக் கை. உன் காதுக்கே அளவு பார்த்தவன் உன் ஹேண்டில்பாருக்கு அளவு பார்க்கக்கூடாதா?

இந்தக் கையைப் பற்றி உனக்குத் தெரியாததா? பலாத்தோப்பில் ஆறடிக் கரடி எதிரே வந்து நின்றபோது ஓடாமல் நின்று, அதன் வாய்க்குள் கையை விட்டுத் தாடையைப் பிடித்துத் திருப்பியவன் நான். வலது கையில் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மடங்கிப் போனதோடு அது என்னை விட்டுவிட்டு ஓடியது. மடங்கிய விரலோடுதான் இருபத்தைந்து வருடமாகக் கடை நடத்துகிறேன். அப்படிப்பட்டவன் வளையம் போட்டால் அதில் ஒரு காரணம் இருக்காதா?

உன் சைக்கிளில் ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அதில் நீ உட்கார்ந்து போவதைப் பார்த்தால் வெள்ளாடு தலையைக் கீழே போட்டுக்கொண்டு புல் தேடுவது போல் இருக்கிறது. நான் ஏறி உட்கார்ந்து பார்த்து, முதுகு நிமிர்கிற வரைக்கும் தூக்கினேன். எனக்குச் சுகமாக இருந்தது. கழுத்துத் துண்டு கவ்வவில்லை என்றால் அது அதைச் செய்த கம்பெனிக்காரனின் குற்றம். அவனுக்கு ஒரு கடிதம் எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மாட்டுப் பொங்கலன்று உன் அத்தை முந்தானையில் பிடித்துக்கொண்டு வந்த காபி டம்ளரை நீ வெறுங்கையில் வாங்கினாய். சுண்டுவிரலை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்று பேசினாய். சுடவில்லையா கண்ணு?

உன் மாமன்
செல்லமுத்து

*

சேந்தமங்கலம்
27.1.2025

சென்றாயன் அண்ணா, இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்க வேண்டாம். மாமாவின் மூக்குக்கண்ணாடி, டியூப் மாட்டியிருக்கும் ஆணிக்குப் பின்னால் இருக்கும். எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

மாமா,

மன்னிப்பு என்ற ஒரு வார்த்தைக்காக இரண்டு பக்கத்தையும் தேடினேன். ஜெர்மனிக்காரர் இருக்கிறார், கரடி இருக்கிறது, என் நான்கு தையலுக்கு அறப்பளீஸ்வரர்தான் பொறுப்பு.

நீங்கள் புள்ளி வைத்த காதைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். என் இடது காதில் ஓட்டை வலதைவிட ஒரு நெல் அளவு மேலே இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக எந்தத் தோட்டைப் போட்டாலும், யாராவது ஒருவர், தோடு ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். இதை நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. நீங்களாகப் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். உங்கள் அளவு அப்படித்தான் இருக்கும்.

கரடி எனக்கு ஐந்து வயதில் நாலடி. பன்னிரண்டு வயதில் குட்டியோடு வந்தது. இப்போது ஆறடி. வளரட்டும்.

ஹேண்டில்பார் உங்களுக்குச் சுகமாக இருந்தது என்கிறீர்கள். ஓட்டுவது நான். உங்களுக்கும் எனக்கும் உயரம் வேறு, கை நீளம் வேறு, இடுப்பு வேறு. ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் இருக்கத்தான் அதைத் தாழ்த்தி வைத்திருக்கிறேன். தெரிந்துதான் செய்திருக்கிறேன்.

காபி டம்ளரைப் பற்றி நீங்கள் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டீர்கள். அக்டோபரில் ஒரு தடவை விழுந்தேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓட்டினால் வலது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போகின்றன. உதறினால் சரியாகிவிடும். இப்போது கொஞ்ச நாளாக உதறினாலும் உடனே சரியாவதில்லை. அவ்வளவுதான். 23ஆம் தேதி முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்கிறேன். கோச் அர்த்தனாரி சாருக்குத் தெரிந்தால் தேர்வுக்கே நிற்க விடமாட்டார். அம்மாவுக்கும் தெரியாது. நீங்கள் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. அறப்பளீஸ்வரர் மேல் சத்தியம். அவர் உங்களுக்குப் பழக்கம் என்றீர்களே.

கோகிலவாணி

*

வாழவந்தி நாடு
1.2.2025

கண்ணு கோகிலவாணிக்கு,

சென்றாயன் முதல் வரியைச் சத்தமாகப் படித்தான். படித்து முடித்த பிறகுதான் அது தனக்கு எழுதியது என்று அவனுக்குப் புரிந்தது. கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனவன் இரண்டு நாளாகக் கடைப்பக்கம் வரவில்லை. ஒரு மனிதனின் மனதை இப்படியா நோகடிப்பது? கண்ணாடி நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கடையில் எது எங்கே இருக்கிறது என்று சேந்தமங்கலத்திலிருந்து நீ சொல்கிறாய்.

காது விஷயம் கேட்டுக் கொதித்துவிட்டேன். ஓட்டை நேராகத்தான் இருக்கிறது. நீ தலையைச் சாய்த்துக் கண்ணாடி பார்க்கிறாய். உங்கள் அப்பன் வகையில் எல்லோருக்குமே தலை கொஞ்சம் சாய்வு.

இருக்கட்டும். நேற்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். உங்கள் கோச் மலைப்பாதையெல்லாம் பார்த்து வைக்க ஜீப்பில் வந்திருக்கிறார். சரியாக என் கடைக்கு முன்னால் டயர் பஞ்சர். இந்த மலையில் பஞ்சர் ஆகிற வண்டியெல்லாம் என் கடையைத் தேடி வந்துதான் பஞ்சர் ஆகும், அது ஒரு ராசி. அவர் இறங்கி, "ஏனுங்க, ஜீப் டயரு ஒட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"ஏரோப்ளேனு டயரே ஒட்டுவனுங்க. இங்க எறக்கத்தான் எடம் பத்தாது" என்றேன்.

சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். பேச்சு வளர்ந்தது. கோகிலவாணிக்கு நான் தாய்மாமன் என்றதும் எழுந்து நின்று கையைக் கொடுத்தார். உண்மையில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார், ஆனால் எழுந்து நின்ற மாதிரிதான்.

"நல்லா ஓட்டுதுங்க உங்க புள்ள. இந்தத் தடவ அதை நம்பித்தான் இருக்கறேன்" என்றார்.

"இருக்காதுங்களா பின்ன. அது யாரு மடியில காது குத்துன புள்ள? ரண்டு வெரலு செத்துக் கெடக்குதுங்க. மிச்சம் எட்டு வெரலை வெச்சுக்கிட்டே மொதலாவதா வந்துருமுங்க."

அவர் டீயை உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார். "எந்த ரண்டு வெரலு?" என்றார்.

நான் என் கையைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் எத்தனை நாளாக, எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் கண்ணு. ஆளுக்கு ஆள் பத்து விரலோடு ஓட்டுகிற இடத்தில் என் மருமகள் எட்டு விரலோடு ஓட்டுகிறாள் என்றால் அது சாதாரண விஷயமா?

சத்தியம் என்று நீ எழுதியிருந்தாய். சத்தியம் நீ கேட்டாய், நான் கொடுக்கவில்லை. தபாலில் சத்தியம் செல்லாது. கையில் அடித்துத்தான் வாங்க வேண்டும்.

உன் மாமன்
செல்லமுத்து

*

சேந்தமங்கலம்
9.2.2025

மாமா,

அர்த்தனாரி சார் திங்கட்கிழமை பள்ளிக்கே வந்துவிட்டார். டாக்டர் கடிதம் இல்லாமல் சைக்கிளில் ஏறக்கூடாது என்றார். நாமக்கல்லில் கையில் ஒயரை ஒட்டிப் பார்த்தார்கள். உள்ளங்கை ஓரமாகப் போகும் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். உடம்புப் பாரத்தை மாதக்கணக்கில் அந்த ஓரத்தில் ஊன்றினால் அப்படி ஆகுமாம். எட்டு வாரம் சைக்கிளைத் தொடக்கூடாது. 23ஆம் தேதி எனக்குக் கிடையாது. என் இடத்தில் வேறு பெண் ஓட்டுகிறாள். போன வருடம் நான் தாண்டிப் போன பெண்.

உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். அதுவும் நீங்கள் டம்ளரைக் கவனித்துவிட்டதால்.

உங்களால் ஒரு விஷயத்தை உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. அது கைக்குள் இருக்கும்போதே அதற்கு ஒரு தாடை முளைக்கும், ஒரு ஜெர்மனிக்காரர் முளைப்பார். உங்களுக்கு அது டீ குடிக்கும் நேரத்துப் பேச்சு. எனக்கு ஐந்து வருடம்.

உங்கள் விரலைக் கரடி கடித்தது. என் விரலைக் கடித்தது நீங்கள்.

பதில் எழுத வேண்டாம்.

கோகிலவாணி

*

வாழவந்தி நாடு
14.2.2025

கண்ணு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதை யாரும் படித்துப் பார்க்கவில்லை, கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

என் விரலைக் கரடி கடிக்கவில்லை.

இந்த மலையில் கரடி உண்டு. நான் பார்த்ததில்லை. ஒரு தடவை பலாத்தோப்பில் உறுமல் கேட்டது. அது பன்றியாகக்கூட இருக்கலாம். ஓடி வந்துவிட்டேன்.

பதினாறு வயதிலிருந்து பதினோரு வருடம் மிளகு மூட்டையும் அன்னாசியும் சைக்கிளில் கட்டி மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கினேன். ஏறும்போது சைக்கிளைப் பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். இறக்கம்தான் வேலை. எழுபது வளைவும் மூட்டை பின்னாலிருந்து தள்ளும், என் பாரமும் சேர்ந்து உள்ளங்கையில் உட்காரும். அது எங்கள் அப்பனின் சைக்கிள். அவர் குள்ளம். ஹேண்டில் அவருக்கு வைத்த அளவில் கிடந்தது. அதைத் தூக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நட்டைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டினால் போதும், அரை நாழிகை வேலை. சைக்கிள் எப்படி இருக்கிறதோ அப்படி மனிதன்தான் குனிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் முப்பது வளைவு இறங்கினால் மரத்துப்போகும், உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் ஆகாது, சோறு தின்கிற வரைக்கும் இருக்கும். பிறகு மறுநாள் வரைக்கும். ஒரு நாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினேன். தோல் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. அதற்கும் பிறகு ஒரு வருடம் மூட்டை இறக்கினேன். விரல் இரண்டும் மெல்ல மடங்கின. நிமிரவில்லை.

ஹேண்டிலைப் பிடித்தே கை போய்விட்டது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். கரடி என்றால் மரியாதை. உன் அத்தையே கரடிக் கதையைக் கேட்டுத்தான் என்னைக் கட்டச் சம்மதித்தாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது.

உன் காது கோணல்தான். உனக்குப் புள்ளி வைக்கும்போது அந்த விரல்களை உன் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு வைத்தேன். ஊன்றியிருப்பதே எனக்குத் தெரியவில்லை. வழுக்கியதும் தெரியவில்லை.

கோயிலுக்குப் புறப்படும் முன் நீ அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு சிரித்துப் பேசியபோது எனக்கு அந்தச் சட்டிதான் ஞாபகம் வந்தது. உன்னிடம் சொன்னால் நீ கேட்டிருப்பாயா? நான் சொன்னதில் நம்புகிற மாதிரி எது இருந்திருக்கிறது? அது என் குற்றம். அதனால் வளையம் போட்டேன். உயர்த்தியது சரி. உயர்த்திய விதம் பெரிய தப்பு. முந்தாநாள் பஸ்ஸில் போய் நாற்பத்து மூன்றாம் வளைவில் இறங்கிப் பார்த்தேன். பாறையில் உன் சைக்கிளின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

அர்த்தனாரியிடம் வாய் தவறிச் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றே அவரிடம் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். டயர் பஞ்சர் ஆனது மட்டும்தான் தானாக நடந்தது. பெருமை பேசுகிற மாதிரி பேசினால் உனக்கு என்மேல் வழக்கமான கோபம்தான் வரும், வேறு மாதிரிக் கோபம் வராது என்று நினைத்தேன். தெரிந்தேதான் செய்தேன். திரும்பவும் செய்வேன். நீ பேசாமல் இருந்தால் இரு. ஆனால் அந்த எட்டு வாரமும் முழுசாகச் சைக்கிளைத் தொடாமல் இரு.

செல்லமுத்து

*

சேந்தமங்கலம்
20.4.2025

மாமாவுக்கு,

என் கோபம் போகவில்லை. ஒன்பது வாரம் எழுதாததற்கு அதுதான் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு உங்கள் கையைக் காட்டி, இது கரடி இல்லை கண்ணு என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குத் தைரியம் இல்லாமல் குழாயை அறுத்தீர்கள், வளையம் செய்தீர்கள், மாலை கட்டினீர்கள், என்னைப் பாறையில் விட்டீர்கள், பிறகு என் கோச்சிடம் போனீர்கள். ஒரு உண்மையைச் சொல்லாமல் இருக்க இவ்வளவு வேலை பார்க்கிற மனிதரை நான் கண்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை அம்மா காபி கொடுத்தாள். வாங்கியதும் சுண்டுவிரல் சுட்டது. டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். புது டம்ளர் என்று அம்மா கத்தினாள். நான் தரையைத் துடைத்துக்கொண்டே அழுதேன். காலில் கொட்டிவிட்டதாக்கும் என்று அவள் எண்ணெய் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

டாக்டர், இன்னும் மூன்று மாதம் இப்படியே ஓட்டியிருந்தால் திரும்பி வந்திருக்காது என்றார். இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். எங்கள் மாமா என்றேன். அவரும் டாக்டரா என்றார். இந்த வரியைச் சென்றாயன் அண்ணாவிடம் காட்ட வேண்டாம். நாளைக்கு நீங்கள் ஆபரேஷன் செய்ததாக மலை முழுக்கப் பேச்சாகிவிடும்.

ஆகஸ்டில் இன்னொரு தேர்வு இருக்கிறது. அர்த்தனாரி சார் என் பெயரை எழுதியிருக்கிறார்.

மே இரண்டாம் ஞாயிறு, சைக்கிளைப் பஸ் மேலே போட்டுக்கொண்டு வருகிறேன். கழுத்துத் துண்டைத் தொட வேண்டியதே இல்லை. மேல்நோக்கி வளைந்த வேறு ஹேண்டில்பார் ஒன்றை மாற்றினால் ஒன்றரை அங்குலம் உயர்ந்துவிடும். அதுதான் என் அளவு. நான் ஏறி உட்காருவேன். முழங்கை லேசாக மடிந்திருக்கிறதா, மணிக்கட்டு பின்னால் மடங்காமல் நேராக இருக்கிறதா என்று நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்க்க மட்டும். ஸ்பானர் என் கையில்தான் இருக்கும்.

இன்னொன்று. உங்கள் கடைக்கு முன்னால் தினமும் அன்னாசி மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு இறங்குகிறார்களே, அவர்களிடம் கரடிக் கதையைச் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். என்னிடம் சொல்ல இருபத்தைந்து வருடம் எடுத்துக்கொண்டீர்கள். அவர்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

காதைப் பற்றி இனிமேல் பேசமாட்டேன்.

கோகிலவாணி

*

வாழவந்தி நாடு
17.6.2025

கண்ணு கோகிலவாணிக்கு மாமன் எழுதிக்கொள்வது,

உன் பேச்சைக் கேட்டேன். கேட்டு என் மானம் போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ மே மாதம் வந்து ஹேண்டில்பாரை மாட்டிவிட்டுப் போன பிறகு, எப்போது சொல்வது என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று நல்ல கூட்டம். சென்றாயன் இருந்தான், பக்கத்துக் கடைக்காரர்கள் இருந்தார்கள், அன்னாசி மூட்டை இறக்குகிற மாதன் மொபெட்டை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். உன் அத்தையும் சோறு கொண்டுவந்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். கையைத் தூக்கிக் காட்டினேன். இதைக் கரடி கடிக்கவில்லை, ஹேண்டில் தாழ்வாக இருந்த சைக்கிளைப் பதினோரு வருடம் ஓட்டியதால் இப்படி ஆனது என்று கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஒரு ஜெர்மனிக்காரரைக்கூடச் சேர்க்கவில்லை.

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பார், அந்தச் சிரிப்பு எங்கள் ஊட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏனுங்கண்ணா, கதை உடறதுக்கும் ஒரு அளவு வேணாமுங்களா?" என்றான் மாதன். "ஹேண்டில்பாரு எங்கயாச்சும் கையைக் கடிக்குமுங்களா?"

"பல்லுப் பட்ட தடம் இன்னம் இருக்குது. நானே தொட்டுப் பாத்திருக்கறேன்" என்றான் சென்றாயன். எந்தத் தடத்தைத் தொட்டான் என்று தெரியவில்லை.

சரி, கட்டியவளாவது நம்புவாள் என்று உன் அத்தையைப் பார்த்தேன். அவள் சோற்றுப் போசியை ணங்கென்று வைத்தாள். "இருவத்திமூணு வருசமா எங்கப்பன் ஊட்டுல கரடி கடிச்ச மாப்ளைன்னு பேருங்க உங்களுக்கு. இப்பப் போயி ஹேண்டில்பாரு கடிச்ச மாப்ளைன்னு நான் சொல்லோணுமா? நாளு கெழமையில அங்க நான் தலை காட்ட வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். ராத்திரிக்கு ரசம்கூட இல்லை.

நினைத்துப் பார் கண்ணு. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு உண்மையைச் சொன்னேன். அதற்காக எனக்குப் பொய்யன் என்று பட்டம். இத்தனை வருடம் சொன்ன பொய்க்கு ஒருவன்கூட இப்படிச் சிரித்ததில்லை. இது என்ன நியாயம்?

பஸ் வந்தது, கூட்டம் கலைந்தது. மாதன் மட்டும் போகவில்லை. மொபெட்டைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே நின்றான். பிறகு பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "அண்ணா, எனக்கும் இந்த ரண்டு வெரலுதானுங்க. சோலக்காடு தாண்டுனதும் மரத்துப் போவுது" என்று வலது கையை நீட்டினான்.

நான் ஸ்பானரை எடுக்கவில்லை. அவனை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னேன். பக்கத்தில் நின்று முழங்கையைப் பார்த்தேன், மணிக்கட்டைப் பார்த்தேன். மணிக்கட்டு பின்னால் மடங்கி நின்றது, என்னுடையது நின்ற மாதிரியே. எத்தனை நாளாக, எவ்வளவு நேரம் என்று உங்கள் கோச் கேட்ட மாதிரி கேட்டேன். புதன்கிழமை நாமக்கல்லுக்குப் போய் டாக்டரிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஒருவனாவது என்னை நம்பினானே என்று மனது குளிர்ந்து போய் உட்கார்ந்தேன்.

அவன் வண்டியைக் கிளப்பியவன் திரும்பிப் பார்த்துக் கேட்கிறான், "ஏனுங்கண்ணா, கரடி கடிச்சப்பவும் இப்படித்தான் மரத்துச்சுங்களா?"

நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்டு வா. எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.

உன் மாமன்
செல்லமுத்து